டிராபார் தலையில் ஒரு சிவப்புக் கோடு

கரெண்டு போனால் மில்லிங் மிஷின் உடனே நின்றுவிடாது. போயிட்டு வாரேன் என்று சொன்ன ஒறம்பரை வாசற்படியில் நின்று இன்னும் நாலு வார்த்தை பேசுவது போல, கட்டர் சித்த நேரம் தானாகச் சுற்றி, முனகி, அப்புறம்தான் ஓயும். மருதாசலம் அது ஓய்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓய்ந்ததும் தெரு வந்து காதில் விழுந்தது. எதிர்ப் பட்டறை கிரைண்டரும் பக்கத்துப் பட்டறை லேத்தும் இத்தனை நேரம் மூடி வைத்திருந்த தெரு. ஒரு காக்காய். எங்கோ குக்கர் விசில். முதுகுக்குப் பின்னால் கதவோர வெளிச்சத்தில் உட்கார்ந்து துளசிமணி பம்பு மூடிகளுக்குப் பிசிறு எடுக்கிற அரத்தின் சத்தம், சர்ரக் சர்ரக் என்று. இந்தப் பட்டறையில் புருசன் பெண்டாட்டி ரெண்டே பேர்தான், அவர் மிஷினில், அவள் அரத்தில். கரெண்டு போனாலும் வந்தாலும் அவள் அரம் நிற்பதில்லை. அவர் மேசையைக் கீழே இறக்கி, வைஸில் இருந்த மூடியைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, கட்டர் ஓடிய பாதையில் நகத்தை வைத்து இழுத்தார். ஒரட்டாங்கை நகம், இடது கையின் நகம். சோத்தாங்கைக் கட்டைவிரலை இந்த மாதிரி நுணுக்கமான சோலிக்கு இப்போதெல்லாம் அவர் கூப்பிடுவதில்லை. ஏன் கூப்பிடுவதில்லை என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வதும் இல்லை. கட்டர் நழுவிக் கீழே இறங்கியிருந்தால் அந்த இடத்தில் நகம் தட்டும். தட்டவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெண்ணெய் மாதிரிப் போனது. சந்தோசப்பட வேண்டிய மனுசன், நகத்தை மறுபடி அதே பாதையில் இழுத்தார். இன்றைக்கு நழுவவில்லை என்றால் அன்றைக்கு ஏன் நழுவியது?

அன்றைக்கு என்றால் அவினாசியில் துளசிமணியின் தங்கை பேத்திக்குக் காதுகுத்து நடந்த நாள். அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம் என்று மனசு அதைத் தள்ளி வைத்தது. முதலில் மிஷின். மிஷினைப் பற்றி நினைப்பது அவருக்கு எப்போதும் சௌகரியமாக இருந்தது. அதன் தலைக்குள்ளே மேலிருந்து கீழே ஒரு நீளக் கம்பி இறங்குகிறது, டிராபார் என்பார்கள். அதன் அடிமுனை மரை, கட்டரைக் கவ்வுகிற காலட்டுக்குள் ஏறும். மேலே தலையில் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் காலட்டை இழுத்துக் குழிக்குள் உட்கார வைக்கும். காலட் இறுகினால் கட்டர் இறுகும், அவ்வளவுதான் சங்கதி. கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டு மேலே ஒருத்தன் கயிறு பிடிக்கிறான், பிடிக்கிறவன் தளர்ந்தால் தொங்குகிறவன் இறங்குவான். பழைய மிஷின் மண்டியில் இதைப் பார்த்தபோதே டிராபார் தலை முனை மழுங்கி உருண்டையாகிக் கிடந்தது. மரையும் பாதி தேய்ந்திருந்தது. மண்டிக்காரர், "கம்பிதானுங்களே, நீங்களே கடைஞ்சுக்க மாட்டீங்களா, மாப்பிள்ளை நல்லவரு, செருப்பு மட்டும் பழசு" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கி வந்து, நல்ல இரும்பில் புதுக் கம்பி கடைந்து, புது மரை போட்டு மாட்டினார். சித்த நாள் பட்டணத்து மாப்பிள்ளை மாதிரித்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் கட்டர் நழுவியது, மூடியில் பள்ளம் விழுந்தது. மண்டிக்காரருக்குப் போன் போட்டு, ஏமாத்திட்டயே, உன்ற பொழப்பு இதுதானா என்று வாய்க்கு வந்ததைப் பேசினார். அந்த மனுசன் எதிர்த்துப் பேசவே இல்லை. "குழிக்குப் புளூ மை தடவிப் பாருங்கண்ணா" என்றார். தடவிப் பார்த்தார். காலட்டில் புளூ சுற்றிலும் ஒரே சீராக ஒட்டி வந்தது, குழியில் கோணல் இல்லை. கம்பி நீளம் கூடிப்போய் அடியில் முட்டுகிறதோ என்று வாஷர் போட்டார். முட்டவில்லை. காலட்டை மாற்றினார். அதிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாக மிஷின் தன் மேல் குற்றமில்லை என்று காட்டிக்கொண்டே வர, அவருக்கு அதன் மேல் கோபம் ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால் கோபம் இல்லை, பயம். எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மீதி என்ன இருக்கும்?

மீதி என்ன இருக்கும் என்று மூலையில் கிடந்த சாக்குப்பையைப் பார்த்தார். அதற்குள் பக்கத்துப் பட்டறை நூருதீன் பாய் கொடுத்த ஏர் கன் இருக்கிறது, லாரி டயர் போல்ட்டைக் கழட்டுகிறார்களே அந்த ஜாதி, ஆனால் சின்னது. அதை மிஷின் தலைமேல் உட்கார வைத்துவிட்டால் ஸ்பேனரே வேண்டாம். பொத்தானை அமுக்கினால் டர்ர்ர் என்று டிராபாரைத் தானே இறுக்கும், மறுபக்கம் அமுக்கினால் தானே தளர்த்தும். உட்கார வைக்கிற தாங்கியைக்கூட மருதாசலம் வளைத்து, ஓட்டை போட்டு, பெயின்ட்டும் அடித்துவிட்டார். பாய்தான் தினமும் வாசலில் நின்று கேலி பண்ணுவார். "என்ன மருதண்ணே, பொண்ணு ரெடி, மாப்ள ரெடி, முகூர்த்தம்தான் ஆகமாட்டேங்குது? இதை மாட்டிட்டா ஒரு கொழந்தகூட உங்க மிஷின ஓட்டும்ண்ணே." கொழந்தகூட என்றது சுருக்கென்று குத்தியது. ஏன் குத்தியது? பாய்க்கு ஒன்றும் தெரியாது. தெரிவதற்கு என்ன இருக்கிறது? சட்டைப் பொத்தான் போடும்போது கட்டைவிரல் வழுக்குகிறது. யாருக்குத்தான் வழுக்காது, சட்டை புதுசு, ஓட்டை சிறுசு. டீ டம்ளர் ஒரு நாள் கையை விட்டுப் போனது. சூடு, டம்ளர் என்றால் சுடும்தானே. பேனாவை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையில் ஒரு துடிப்பு, தோலுக்கடியில் புழு நெளிகிற மாதிரி. அது வாயு. ஆறுக்குட்டியண்ணனும் தனக்கு வந்தபோது வாயு என்றுதான் சொன்னார். அந்தப் பேர் வந்ததும் மருதாசலம் சட்டென்று மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார், யாரோ பின்னால் வந்து நின்ற மாதிரி. ஆறுக்குட்டி அவருடைய கூடப் பிறந்த அண்ணன். மாட்டுச் சந்தையில் காளையின் கொம்பைப் பிடித்து ஒற்றைக் கையில் திருப்பினவர். அவருக்கும் டம்ளரில்தான் ஆரம்பித்தது. டம்ளர், பொத்தான், பிறகு சோற்றைப் பிசைய முடியாமல் போய், பிறகு செருப்பு காலில் நிற்காமல் போய், கடைசியில் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணை மட்டும் உருட்டி ஈ ஓட்டச் சொல்லுவார். நரம்புதான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கு வரணுமா? எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? ஒரு மரத்துக் காய் எல்லாமா ஒரே பூச்சி விழும்? விழாது. விழும்தான், ஆனால் எல்லாம் விழாது. ஏர் கன்னை மாட்டிவிட்டால் இந்தக் கேள்வியே எழாது, கட்டர் நழுவாது, கையை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் மாட்டணும். அதனால்தான் மாட்டவும் முடியவில்லை. ரெண்டும் ஒரே காரணமாக இருந்தால் மனுசன் எந்தப் பக்கம் போவான்?

சரி, கரெண்டு வருவதற்குள் டிராபாரைக் கழட்டி, கன்னின் சாக்கெட்டு அதன் தலைக்குப் பொருந்துகிறதா என்றாவது பார்ப்போம், பார்ப்பதில் என்ன வந்தது என்று மர ஸ்டூலை இழுத்துப் போட்டு ஸ்பேனரோடு ஏறினார். ஏறினால் மிஷின் தலையும் அவர் தலையும் ஒரே உயரம். அங்கே ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் டிராபார் தலை. தலையில் சிவப்புக் கோடு. கோட்டைப் பார்த்ததும்தான் அதைப் போட்டது ஞாபகம் வந்தது. காலையில் துளசிமணி பாலுக்குப் போன நேரம் அவர் போட்டது. மகள் திருப்பூருக்கு வாக்கப்பட்டுப் போகும்போது அலமாரியில் விட்டுவிட்டுப் போன நெயில் பாலிஷ். ஓட்ட அதிர்வில் தலை தானாகத் தளர்கிறதோ என்று கண்டுபிடிக்க அதுதான் வழி. நன்றாக முறுக்கிவிட்டு, கம்பியின் தலைமேலும் அதற்கடியில் உள்ள வளையத்தின் மேலும் சேர்த்து ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். தளர்ந்தால் கோடு ஒடியும். தலைமேல் உள்ள பாதி இடது பக்கம் நகர்ந்து நிற்கும். கோடு ஒடிந்திருந்தது. ஒடிந்ததைப் பார்த்ததும், யாரும் நம்ப மாட்டார்கள், மருதாசலத்துக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. தளர்ந்துவிட்டது! மிஷின்தான்! அதிர்வுதான்! என் கை இல்லை! மண்டிக்காரனை மறுபடி கூப்பிட வேண்டியதுதான் என்று வாய்க்குள் ஏச்சைக்கூடத் தயார் பண்ணிவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். தலைமேல் இருந்த பாதி நகர்ந்தது வலது பக்கம். கடிகார முள்ளு சுற்றுகிற பக்கம். இறுகுகிற பக்கம். ஒரு கட்டைவிரல் அகலம். எந்த அதிர்வும் எந்த மரையையும் அப்படி இறுக்காது. உலகத்தில் தளர்வதெல்லாம் தானாகத் தளரும். இறுகுவதற்கு ஒரு கை வேண்டும்.

ஒரு கை. சர்ரக் சர்ரக் என்று அரம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் ஸ்டூல் ஆடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். எப்போது? காலையில் கோடு போட்டு, மூடியை வைஸில் கட்டி, பின்பக்கம் கைகழுவப் போனாரே, அப்போதா? வரும்போது அவள் இதே ஸ்டூலில் நின்று வேஸ்ட் துணியால் மிஷின் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தூசி அடையுதுங்க" என்றாள். தூசி. நேற்றும் துடைத்தாள். முந்தா நாளும் துடைத்தாள். மிஷினுக்கு இவ்வளவு சிங்காரிக்கிறாளே, வீட்டு ஜன்னலைத் துடைக்க மாட்டாளே என்று மனசுக்குள் சிரித்தது ஞாபகம் வந்தது. அவர் கைகழுவப் போகிற போதெல்லாம் துடைத்தாள். கட்டர் மாற்றிய உடனே, "ஏனுங்க, வாசல்ல யாரோ கூப்பிடறாங்க பாருங்க" என்பாள். போய்ப் பார்த்தால் தெருவில் நாய்தான் நிற்கும். அவள் காதில் கோளாறு என்று இவர் நினைத்துக்கொண்டார். காதுகுத்து நாளன்றைக்கு அவள் அவினாசியில், துடைக்க ஆள் இல்லை, கட்டர் இறங்கியது. அதற்கு முந்தி நழுவிய நாள்? அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள். அதற்கும் முந்தி, அந்த முதல் நாள், அவள் இங்கேதான் இருந்தாள். மூடியில் விழுந்த பள்ளத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அப்புறம் அவர் கையைப் பார்த்தாள். அன்றையிலிருந்துதான் துடைக்க ஆரம்பித்தாள். ஆக எத்தனையோ நாளாக அவர் இறுக்கினதாக நினைத்ததையெல்லாம் இறுக்கியது அவள். அவர் ஓட்டினதாக நினைத்த மிஷினும் அவள் இறுக்கித்தான் ஓடியது. வெட்கமா, கோபமா, என்ன இது? தூங்குகிற பிள்ளைக்குத் தெரியாமல் போர்வையை இழுத்துவிடுகிற மாதிரி எனக்கா? நானென்ன? ஆறுக்குட்டியண்ணன் பெண்டாட்டியும் இப்படித்தான் முதலில் அவருக்குத் தெரியாமல் டம்ளரில் பாதி டீதான் ஊற்றுவாள். அது துளசிமணிக்குத் தெரியும். அண்ணன் சாகிறவரை கூட இருந்து பார்த்தவள்தானே. அப்படியானால் அவள் ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டாளா?

இல்லை, அது என்ன இறுக்கு இறுக்கியிருக்கிறாள் பார்த்துவிடுவோம் என்று ஸ்பேனரை டிராபார் தலையில் மாட்டினார். ஒரட்டாங்கையால் மிஷினின் பிரேக் பிடியை அழுத்திக்கொண்டு சோத்தாங்கையால் இழுத்தார். அசையவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தார். விரல்கள் நாலும் வந்தன, கட்டைவிரல் மட்டும் கூட வராமல் ஒதுங்கிக்கொண்டது, சண்டைக்குக் கூப்பிட்டால் எனக்கு வேலையிருக்கு என்று நழுவுகிற பங்காளி மாதிரி. மறுபடி இழுத்தார். ஸ்பேனர் இருந்த இடத்தில் இருந்தது, கை வழுக்கிக் கீழே வந்தது. ஸ்பேனரை அப்படியே தலையில் விட்டுவிட்டு, கையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, முதல் தடவையாக ஒளிக்காமல் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு, வாழைப்பழம் மாதிரி கும்மென்று இருக்குமே, அது வற்றிப்போய்த் தோல் குழிந்திருந்தது. எப்போது வற்றியது? தினமும் இந்தக் கையால்தானே சோறு தின்றோம். அந்தக் குழிக்குள் அந்தப் புழு லேசாக நெளிந்தது. அண்ணன் கையிலும் இதே குழி. திருநீறு பூச அந்தக் கையைத் தூக்கிவிட்டதே இவர்தான். எத்தனை நேரம் அப்படி நின்றார் என்று தெரியாது. குக்கர் விசில் நின்றிருந்தது. காக்காய் போயிருந்தது. இந்தத் தெருவில் மில்லிங் ஓட்டுகிற எவனுக்கும் தாய்ப்பால் மாதிரி ரெண்டு பாடம் ஊட்டியிருக்கும். ஒன்று, டிராபார் தலையில் ஸ்பேனரை விட்டுவிட்டு நிற்காதே, நாலு வீடு தள்ளி ஒருத்தர் அப்படி விட்டுச் சுவிட்ச்சைப் போட்டு, பறந்த ஸ்பேனரில் கண் போய், இன்றைக்கும் கறுப்புக் கண்ணாடியோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான், இறுக்கினவன்தான் கழட்டணும், ஒருத்தன் மாட்டின ஸ்பேனரை நம்பி இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது என்று முறை. இன்னொன்று, கரெண்டு போனதும் முதல் வேலையாகச் சுவிட்ச்சை அணை. அது தானாக அணையாத பழைய சுவிட்ச், கரெண்டு வந்தால் கேட்காமல் ஓடும். இந்த ரெண்டு பாடமும் அவருக்குள் எங்கேயோ இருந்தன. எதிர்ப் பட்டறை கிரைண்டர் கீச்சென்று கத்தியபோதுதான் மேலே வந்தன.

கிரைண்டர் கத்தியது, லேத் உறுமியது, தலைக்கு மேல் ஃபேன் அசைந்தது. கட்டர் ஓய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றோமே தவிர சுவிட்ச்சை அணைக்கவில்லை. ஸ்பேனர் மூஞ்சிக்கு ஒரு முழத்தில். குதிக்கவும் இல்லை, குனியவும் இல்லை, கண்ணை மட்டும் இறுக்கி மூடினார். மூடின இருட்டுக்குள் அண்ணன் கட்டிலில் ஈ ஒன்று உட்கார்ந்தது. அதற்கு இது தேவலையோ என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே வேண்டாம் வேண்டாம் என்று இன்னொன்று அதன் கழுத்தைப் பிடித்தது. ஒன்றும் பறக்கவில்லை. கண்ணைத் திறந்தார். ஸ்பேனர் தலையில் அப்படியே சும்மா உட்கார்ந்திருந்தது. மிஷின் ஓடவில்லை. கீழே அரம் நின்றிருந்தது. "போனதுமே நான் அணைச்சுட்டனுங்க" என்றாள் துளசிமணி, தலையைத் தூக்காமல், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "நீங்க அந்த மூடியவே பாத்துட்டு நின்னீங்க. சொல்லிட்டுத்தான் அணைச்சேன். காதுல உழுகல போல." அவர் ஸ்பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையைத் தூக்கினாள். "ஸ்பேனர எடுங்க மொதல்ல. என்ன பாத்துட்டு நிக்கறீங்க, அது என்ன கோயில் கலசமா?" எடுத்தார். எடுத்து மடியில் துடைத்தார். "இதையும் நீதான் அம்மிணி இறுக்குனதா?" என்றார். அரம் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. "எதைங்க?" "கோடு போட்டு வெச்சிருந்தேன்." அவள் மூடியைக் கீழே வைத்தாள். "அந்தச் செவப்பு அதுதானா? நான் நீங்க மிஷினுக்குப் பொட்டு வெச்சீங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவள் குரல் சிரிக்கப் பார்த்து முடியாமல் பாதியில் உடைந்தது. "சொல்லியிருக்கலாமல்லோ?" "என்னன்னு சொல்லச் சொல்றீங்க? பெரிய மாமனுக்கு வந்தாப்பல உங்களுக்கும்னு என்ற வாயால சொல்லணுமா? மிஷின்னு நீங்க சொன்னீங்க. சரி, மிஷினாவே இருக்கட்டும்னு இருந்தேன்."

மிஷினாவே இருக்கட்டும். ஸ்டூலில் நின்றபடி அதை மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். அவரும் தினமும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தார். ஒரே சாமியிடம் ஒரே வேண்டுதலை ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்குப்பை மூலையில் கிடந்தது. "பாய் குடுத்த கன்ன மாட்டிறலாமுங்களா?" என்று அவளே கேட்டாள். "மாட்டலாம்" என்றார். அப்புறம், அவர் சொல்ல நினைக்காமலே, "ஆஸ்பத்திரில கையக் காட்டிட்டு வந்து மாட்டலாம். இதை மாட்டிட்டா அப்பறம் காட்ட மாட்டேன்" என்று வந்தது. அவள் எழுந்து புடவையில் இரும்புத் தூளைத் தட்டிக்கொண்டு வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். "எறங்குங்க, நாளைக்கே போலாம்" என்றாள். அண்ணனுக்கு எந்தக் கையில் ஆரம்பித்தது என்று அவளிடம் கேட்கலாமா என்று இருந்தது அவருக்கு. கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், கேட்டு என்ன ஆகப்போகிறது. மெதுவாக இறங்கினார். இறங்கி, ஸ்பேனரை அவளிடம் நீட்டினார். அவள் வாங்காமல் அவர் மூஞ்சியைப் பார்த்தாள். "இறுக்குனவங்கதான் கழட்டணும்" என்றார் மருதாசலம்.

அவள் ஏறினாள். பிரேக்கைப் பிடித்து ஸ்பேனரை மாட்டி ஒரே சுண்டு, டக் என்று தளர்ந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது அவருக்கு. தளர்ந்தாலும் காலட் குழிக்குள் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மேலே சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால்தான் விடும், விட்டால் கட்டர் நேராகக் கீழே வரும், அடியில் ஒரு கை ஏந்தியிருக்க வேண்டும். அத்தனை நாளும் மேலே தட்டியதும் அவர் கைதான், கீழே ஏந்தியதும் அவர் கைதான். துளசிமணி ஸ்பேனரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மரச்சுத்தியை ஓங்கினாள். ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. "புடிச்சிருக்கீங்களா?" என்றாள். அவர் கட்டரின் பல்லுக்கு வேஸ்ட் துணியைச் சுற்றி, பழக்கத்தில் சோத்தாங்கையை அடியில் கொடுத்தார். அதைப் பார்த்தார். அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு ஒரட்டாங்கையையும் கொண்டுவந்து அதற்கு அடியில் வைத்தார்.

"ரெண்டு கையிலயும் புடிச்சிருக்கேன்" என்றார். "தட்டு."